மூன்று கிலோமீட்டர் மேசையும் ஒரு காலிக் கிண்ணமும்

அந்த வெள்ளிக்கிழமை மேசை மூன்று கிலோமீட்டர் நீளம் இருந்தது. தாட்சாயணி இந்தக் கோடியில். சகாயம் அந்தக் கோடியில். வழக்கமான இடங்கள்தான், எதிரெதிரே.

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் முடிந்ததும் தாட்சாயணி, சகாயம், ரெஹானா, தணிகைவேல் நான்கு பேரும் நேரே இந்தக் கொரியக் கடைக்கு வந்துவிடுவார்கள். கடைக்கார அம்மாவை இமோ என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் சித்தி. காஞ்சிபுரத்துக்காரர்களே வெட்கப்படும்படி தமிழ் பேசுவார்.

மேசை நீண்டதற்குத் தாட்சாயணிதான் காரணம். இரண்டு தடவை கேட்டால் அவளே ஒப்புக்கொள்வாள். அங்கே மக்கோலி என்று ஒன்று கெட்டிலில் வரும். அரிசி மது, நீர்மோர் மாதிரி வெளுத்திருக்கும். தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. அடுத்தவர் பார்த்து, இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும். போன வெள்ளிக்கிழமை மற்ற மூவரும் சகாயத்தின் புது பைக் படத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிண்ணம் பத்து நிமிடம் காலியாகக் கிடந்தது. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கெட்டிலை எடுத்துத் தானே ஊற்றிக் குடித்தாள்.

இமோ சமையலறையிலிருந்து பார்த்துவிட்டார். அவர்கள் ஊர் நம்பிக்கைப்படி, தனக்குத் தானே ஊற்றினால் எதிரே இருப்பவருக்கு மூன்று வருடம் கெட்ட நேரம். ஊற்றியவருக்கு ஒன்றும் கிடையாது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? வருடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று டேப் வைத்து அளந்து, மேசையை இழுத்து, சகாயத்தை நாற்காலியோடு நகர்த்திவிட்டார்.

போன் அடித்தது. சகாயம்.

"என் கிண்ணம் காலி."

"கெட்டில் இல்லையா?"

"பக்கத்துலதான் இருக்கு."

"அப்ப நீயே ஊத்திக்கோயேன்."

"ஊத்திக்கலாம். எதிர்ல நீதானே உக்காந்திருக்கே."

ஒரு வாரமாக அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தாட்சாயணி வாயருகே கொண்டுபோன கிம்ச்சியை, அந்தக் கார முட்டைக்கோஸ் ஊறுகாயை, தட்டிலேயே வைத்தாள்.

இமோ கரண்டியோடு வந்தார். "ஒரு மணிக்கு ஷட்டர் எறக்கிடுவேன். அப்ப யார் கிண்ணம் காலியா இருக்கோ அவங்க அந்த மேசைக்குப் போயிடணும்."

மூலையில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஐந்து பேர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசி யாரும் கேட்டதில்லை. ஆறாவது நாற்காலி காலியாக இருந்தது.

"எத்தனை நாளைக்கு இமோ?" என்றாள் தாட்சாயணி.

"நாளெல்லாம் இல்லம்மா. இனிமே அங்கதான்."

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

"நீ கெளம்பு," என்றாள் ரெஹானா. "அடையை நாங்க பாத்துக்கறோம்."

அவர்கள் நடுவில் வெங்காயத்தாள் அடை முழுசாகக் கிடந்தது. அந்தக் கடையில் அடையைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் சகாயத்திடம் இருந்தது. நாலு பேருக்கும் வெட்டுவது அவன் வேலை.

மேசையோரமாக ஷேர் ஆட்டோ ஓடியது.

"கிம்ச்சி வரைக்கும்தான் போவும்," என்றார் டிரைவர். "லக்கேஜ் இருக்குதா?"

"ரெண்டு கை."

"மடியில வச்சுக்கோ."

கிம்ச்சிக் கிண்ணத்தில் இறக்கிவிட்டார். இரண்டாவது கிலோமீட்டர். அங்கே ஒரு செக்போஸ்ட். சீருடைக்காரர் படிவத்தை நீட்டினார்.

"எதிர்ப்பக்கத்து ஆள் உங்க ஃப்ரெண்டுதான்னு ப்ரூஃப்?"

"நாலு வருஷமா ஒண்ணா சாப்பிடறோம் சார்."

"எல்லாரும்தான் சாப்பிடறாங்க. கடைசித் துண்டை யார் எடுப்பா?"

"யாரும் எடுக்க மாட்டோம். அதையும் அவன் நாலா வெட்டிடுவான்."

அவர் பேனாவை மூடினார். முத்திரை குத்தும்போது அவருக்கு வாயில் எச்சில் ஊறியது. "போங்க, போங்க. மணி ஆவுது."

மீதி தூரம் ஓடினாள். சிவப்புக் குழம்பில் அரிசிக் கொழுக்கட்டைகள் தளதளவென்று கொதித்தன. ராமியோன் நூடுல்ஸ் சட்டியிலிருந்து எழுந்த ஆவியில் பத்து அடிக்கு மேல் தெரியவில்லை. பசித்தது. நிற்கவில்லை. தன்னை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

சகாயம் கத்தரிக்கோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு சுற்று இளைத்திருந்தான்.

"லேட்டு."

"ஆட்டோ கிம்ச்சியோட நின்னுடுச்சு."

கெட்டிலை இரண்டு கையாலும் தூக்கினாள். அவன் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினான். விளிம்பு வரை ஊற்றினாள்.

"கோவத்துல பண்ணிட்டேன்டா. மன்னிச்சுடு."

"பைக் படத்தை அவ்ளோ நேரம் காட்டியிருக்கக் கூடாது. மைலேஜும் சுமார்தான்."

அவன் ஒரே மூச்சில் குடித்தான். அவள் உடனே மறுபடி நிரப்பினாள். இருவரும் சிரித்தார்கள். அப்போது மைக்கில் இமோவின் குரல் வந்தது.

"ரெண்டு நிமிஷம் இருக்கு. தாட்சாயணி கிண்ணம் காலி."

அவள் கிண்ணம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்த கெட்டிலின் கடைசிச் சொட்டு ரெஹானா, தணிகைவேல் கிண்ணங்களுக்குப் போயிருந்தது. தூரத்தில் யாரோ நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"கையை நீட்டு," என்றான் சகாயம்.

இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் கெட்டிலைப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினான். கை நிறைந்தது. ஷட்டர் இறங்கியது.

மைக் கொஞ்ச நேரம் கரகரத்தது. "கையும் கிண்ணம்தான்," என்றார் இமோ. சாம்பல் சட்டைக்காரர்கள் ஆறாவது நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார்கள். அவர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டார் என்று பிறகு தணிகைவேல் சொன்னான்.

மேசை மூன்று கிலோமீட்டராகவேதான் இருந்தது. ரெஹானாவும் தணிகைவேலும் அடையைத் தட்டோடு தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். தணிகைவேலின் சட்டைப் பையில் மூன்று கிண்ணங்கள் இருந்தன. தாட்சாயணி உட்கார்ந்திருந்த கோடியில் இப்போது யாரும் இல்லை.

சகாயம் அடையை வெட்டினான். கடைசித் துண்டையும் நாலாக வெட்டினான். பெரியதைத் தாட்சாயணி பக்கம் தள்ளினான். அவள் தன் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. மற்ற மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.