பூண்டு வாசம்

எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் வெளுக்கத் தொடங்கும்போதே உலை சிவந்திருக்க வேண்டும். கிரேக்க நாட்டின் எலெஃப்சீனாவில் ஜூலை வெயில் ஏறிவிட்டால் தகரக் கொட்டகைக்குள் நாய்கூடப் படுக்காது. மனிதர்கள் மட்டும் நிற்கலாம் என்பது முதலாளி அரிஸ்தீதிஸின் ஏற்பாடு. உலை மேஸ்திரி ஸீஸிஸ் கேஸைத் திறந்து பற்றவைத்தார். அடுப்பு உறுமத் தொடங்கியது. மூசை என்கிற உருக்குக் கிண்ணத்துக்குள் செம்பு இளகி, ஆடி, ஆரஞ்சு நிறத்தில் கண் விழித்தது. பெஸ்னிக் நேற்றே மணலில் இடித்து வைத்த வாள் அச்சுகளை வரிசையாக நிறுத்தினான். முந்தைய நாள் வார்த்த ஈட்டிமுனைகளைப் பிடிக்கருவியில் இறுக்கிப் பகோனா அரம் போட்டாள். உலோகப் பொடி முழங்கை வரை ஏறி வியர்வையில் குழைந்தது.

பழங்காலத்துக் கிரேக்கச் சண்டைகளை இன்று நடித்துப் பார்க்கிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். ஓர் ஊரில் பல் டாக்டர், இன்னோர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். விடுமுறை வந்தால் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு திடலில் இறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டிய வாள், ஈட்டி, மார்க்கவசம், கேடயம் எல்லாம் இந்தப் பட்டறையிலிருந்து போயின. கேடயத்துக்கு மட்டும் முற்றத்துக்கு எதிரே தனிக் கொட்டகை. முனை மழுங்கிய ஆயுதங்கள். யாரையும் காயப்படுத்தாது என்று முதலாளி விளம்பரம் செய்வார். ஆயுதம் செய்கிறவர்களை அவர் அந்த ‘யாரையும்’ என்ற சொல்லில் சேர்க்கவில்லை.

குளிர்காலம் முடிந்த சமயம் வாடிக்கையாளர்களின் நாக்கு நீண்டது. சாதாரண வெண்கலம் போதாதாம். அதற்கும் முந்தைய ஆதி காலத்து உலோகம் வேண்டுமாம். வார்த்தால் வெள்ளி படர்ந்தது போல மினுங்க வேண்டுமாம். முதலாளி எங்கிருந்தோ சாம்பல் நிறக் கட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். செம்போடு சேர்த்து உருக்கச் சொன்னார். வாள்கள் உண்மையிலேயே மினுங்கின. விலையும் மினுங்கியது. அன்று முதல் கொட்டகையில் பூண்டு வாசம்.

முதலில் எல்லோரும் ஸீஸிஸைத்தான் கேலி செய்தார்கள்.

"அண்ணே, ராத்திரி ஒரு மூட்டை பூண்டையே முழுங்கினீங்களா? உங்க பக்கத்துல படுக்குறவங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றாள் பகோனா.

"நான் எங்க தின்னேன்? அந்தா தொங்குதே, அதுதான்" என்று அவர் வாசலைக் காட்டினார்.

வாசல் நிலையில் கண்ணேறு படாமலிருக்க முதலாளி கட்டிய பூண்டுச் சடை தொங்கியது. இந்த ஊரில் நல்லது நடந்தால், கண் படாமலிருக்க ‘பூண்டு, பூண்டு’ என்று சொல்லிக்கொள்வார்கள். வியாபாரம் ஏறுகிறது, திருஷ்டி கழிகிறது, வாசம் வருகிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

பகோனாவுக்குச் சிரிப்பு எப்போது நின்றது என்றால், கால் விரல்களில் எறும்பு ஊரத் தொடங்கியபோது. செருப்பைக் கழற்றிப் பார்த்தால் எறும்பு இல்லை. நாளாக ஆக எறும்பும் போய், பாதம் மரக்கட்டை ஆயிற்று. படியில் இறங்கும்போது குனிந்து பார்த்துத்தான் கால் வைத்தாள். அப்புறம் கை நகங்களில் அந்தக் கோடு. பத்து நகத்திலும் குறுக்கே, சுண்ணாம்பால் இழுத்தது போல வெள்ளைக் கோடு. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மறுநாளே பெட்டிக்கடையில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கிப் பூசிக்கொண்டாள்.

"அம்பது வயசுல யாருக்கு இந்த அலங்காரம்?" என்று ஸீஸிஸ் சீண்டினார்.

"உங்களுக்கு இல்ல, விடுங்க" என்றாள். யாரோ ஆள் இருக்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் நல்லதுதான். நோய் இருக்கிறது என்று தெரிவதைவிட ஆள் இருக்கிறான் என்று தெரிவது மேல். இதே உலையில் முன்பு நின்ற த்ராஸோஸ் கை நடுங்குகிறது என்று வாய் திறந்து சொன்னான். ஈஸ்டர் முடிந்த கையோடு, குடிகாரன் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பினார்கள். கல்யாண வீட்டில்கூட மது தொடாத மனிதன் அவன். பகோனா தனி ஆள். இந்த வேலையை விட்டால் வாடகை வீடும் போகும், ரொட்டியும் போகும். அதனால் பயத்தையும் பாலிஷுக்குள் மூடி வைத்தாள்.

அன்று காலை ஸீஸிஸ் உற்சாகமாக இருந்தார். இடுக்கியால் மூசையைத் தூக்கி, அச்சின் வாயில் சாய்த்தபடியே மைத்துனன் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். கழுதை வாங்கப் போய்க் கழுதையிடமே ஏமாந்த கதை. பெஸ்னிக் சிரித்தான். மூசை லேசாக நடுங்கியது. இரண்டு மூன்று சொட்டு கீழே விழுந்ததைப் பகோனா பார்த்தாள். தோல் கருகும் நாற்றம் வந்தது. ஸீஸிஸின் பூட்ஸிலிருந்து புகை எழுந்தது. அவர் கதையை நிறுத்தவில்லை.

"அண்ணே" என்றாள். "அண்ணே, கால்."

அவர் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். பூட்ஸின் நடுவில் ஓட்டை விழுந்து, அதன் ஓரம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பெஸ்னிக் மூசையைப் பிடுங்கி மணலில் வைத்தான். மணலை அள்ளிக் காலில் கொட்டினான். இருவரும் அவரை இழுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்கு வந்தார்கள். பெஸ்னிக் கத்தியால் பூட்ஸை வகுந்தான். காலுறை சதையோடு ஒட்டியிருந்தது; ஒட்டாத பக்கத்தை வெட்டி எடுத்தான். பாதத்தின் மேல் கறுத்த குழி.

"வலிக்கலையே" என்றார் ஸீஸிஸ். "பகோனா, எனக்கு வலிக்கலையே." உலையின் முன் நாற்பது வருஷம் நின்ற மனிதர் குழந்தையைப் போல உதடு கோண அழுதார். வலித்திருந்தால் அழுதிருக்க மாட்டார்.

பகோனா தண்ணீரை ஊற்றினாள். கரி கழுவிப் போகப் போக, அவருடைய கால் விரல் நகங்கள் தெரிந்தன. குறுக்கே வெள்ளைக் கோடு. அவள் கையிலிருந்த குவளை நின்றுபோயிற்று. இப்போது பேசினால் த்ராஸோஸின் பின்னால் போக வேண்டியதுதான். பேசாவிட்டால், தன் காலிலும் ஒரு நாள் தீப்பிடிக்கும். அதுவும் தெரியாமல் நின்று கதை சொல்லிக்கொண்டிருப்பாள். எந்தப் பயம் பெரியது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெயின்ட் தின்னர் டப்பா அருகில்தான் இருந்தது. கந்தலை அதில் நனைத்து ஒரு விரலின் பாலிஷைத் துடைத்தாள். பிறகு இன்னொன்றை. பிறகு கை முழுவதையும் துடைத்து நீட்டினாள்.

பெஸ்னிக் அந்தக் கையையே பார்த்தான். இந்த வெயிலிலும் கழற்றாத தன் கையுறைகளை மெல்ல உருவினான்.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன், அக்கா" என்றான். "அல்பேனியாவுல எங்க அம்மாவுக்குக்கூட போன்ல சொல்லல."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவள் மறுபடி குவளையில் தண்ணீர் பிடித்தாள்.

அதற்குள் சத்தம் கேட்டு முதலாளி அலுவலக அறையிலிருந்து இறங்கி வந்தார். முற்றத்தின் நடுவிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன கூத்து இது? உள்ள கேஸ் எரிஞ்சு வீணாப் போகுது. நாளைக்கு வாள் எல்லாம் கப்பல் ஏறணும்." ஸீஸிஸின் காலைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "அடடா. பாத்து நிக்கக் கூடாதா? டாக்ஸி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ. காசு நான் தர்றேன். ஆனா பட்டறைல நடந்துச்சுன்னு சொல்லாத. வீட்ல எண்ணெய் கொட்டிடுச்சுன்னு சொல்லு."

"பூட்ஸ் போட்டுக்கிட்டா முதலாளி நான் கத்திரிக்காய் வறுப்பேன்?" என்றார் ஸீஸிஸ், கண்ணைத் துடைத்தபடி.

"முதலாளி" என்றாள் பகோனா. "அந்தச் சாம்பல் கட்டியில என்ன இருக்கு?"

"உலோகம்தான். வேற என்ன?"

"அதை உருக்கினா ஏன் பூண்டு வாசம் வருது?"

"வாசல்ல பூண்டு தொங்குதுல்ல. உனக்கு மூக்கு இருக்கு, கண்ணு இல்லையா?"

பகோனா போய் எட்டி அந்தச் சடையை அறுத்து எடுத்தாள். கையில் பிடித்ததும் சருகாய் நொறுங்கியது. உள்ளே பூண்டே இல்லை, வெறும் தோல். முகர்ந்து பார்த்தாள். தூசி வாசம்தான் வந்தது. அதை முதலாளியிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

நீட்டிய கையோடு நின்றபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. இந்தக் கட்டிகள் வந்த நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு தடவையாவது கொட்டகைக்குள் வந்தாரா? முன்பெல்லாம் உலைக்குப் பக்கத்திலேயே நின்று தொல்லை கொடுப்பார். இப்போது முற்றத்தில் நின்று கத்துகிறார், மூக்கைப் பொத்திக்கொண்டு. அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். அவள் சடையைக் கீழே போட்டாள்.

"உள்ள வாங்க முதலாளி" என்றாள். "உலை எரியுது. மூசைல மிச்சம் இருக்கு. நாங்க மூணு பேரும் வர்றோம். எங்களோட ஒரு மணி நேரம் நில்லுங்க. அப்புறம் பேசாம வேலை செய்றோம்."

"எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

"அரை மணி நேரம்."

"பகோனா, யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சு பேசு."

"வாசப்படி வரைக்கும் வாங்க. அது போதும்."

அரிஸ்தீதிஸ் நகரவில்லை. வழுக்கைத் தலையில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "கொஞ்சம் ஆர்செனிக் இருக்கும்" என்றார் கடைசியில். "துளிதான். அந்தக் காலத்துல இதைத்தான் உருக்கினாங்க. நம்ம முப்பாட்டன் எல்லாம் இதுலதான் வாள் அடிச்சான். செத்தா போயிட்டான்?"

"அதுல எவனாவது உசுரோட இருந்தா கூட்டிட்டு வாங்க, கேட்டுப் பாப்போம்" என்றார் ஸீஸிஸ்.

பாஷாணம். எலிக்கு வைப்பது, உலையில் பூண்டாக மணந்தது. காலையில் குளிர்ந்த காபியோடும், மதியம் ரொட்டியோடும் ஆலிவோடும் அதைத்தான் இத்தனை நாள் தின்றிருக்கிறார்கள். பகோனா குனிந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளி அவளை விட்டுவிட்டு பெஸ்னிக்கின் பக்கம் திரும்பினார். குரலில் தேன் வடிந்தது. "நீ புத்திசாலி. இவங்களுக்கென்ன, சொந்த ஊரு, சொந்த நாடு. இந்த நாட்டுல நீ தங்குற அனுமதி அட்டையை இந்த வருஷம் புதுப்பிக்கணும். என் கையெழுத்து இல்லாம யாரு புதுப்பிப்பா? போ, போய் மிச்சத்தை ஊத்து. நாளையிலேருந்து உலைக்கு நீதான் மேஸ்திரி."

பெஸ்னிக் தலை குனிந்து நின்றான். பிறகு கொட்டகைக்குள் நடந்தான். அவன் நடை ஒரு பக்கம் இழுப்பதை அன்றுதான் பகோனா கவனித்தாள். போகாதேடா என்று சொல்ல வாயெடுத்தாள். அவனுக்கு யார் சோறு போடுவது? அவன் மூசையைத் தூக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவளும் ஸீஸிஸும் இன்று வெளியே. நாளைக்கு அந்த இடத்தில் வேறு இரண்டு பேர், அவர்களுக்கும் பூண்டு வாசம். முதலாளி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

அடுப்பின் உறுமல் நின்றது.

பெஸ்னிக் வெளியே வந்தான். "கேஸை மூடிட்டேன் அக்கா" என்றான். முதலாளியைப் பார்த்தான். "அந்த அட்டையைப் பிடிக்க எனக்குக் கை வேணும், முதலாளி."

"உன்னை எல்லை தாண்டி அனுப்பலைன்னா என் பேரு அரிஸ்தீதிஸ் இல்ல."

பெஸ்னிக் ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் பழைய டெம்போவைப் பின்னால் எடுத்து வந்தான். இருவரும் ஸீஸிஸைத் தூக்கி அதன் திறந்த பின்பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பகோனா ஏறுவதற்குள் இரண்டு தடவை கால் தவறியது. பயம் அப்படியேதான் இருந்தது. வேலை போய்விட்டது, கால் திரும்புமா தெரியாது, டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. ஒன்றுதான் மாறியிருந்தது: இனி எதையும் ஒளிக்க வேண்டாம்.

எதிர்க் கொட்டகையில் கேடயத் தகடு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உலை உறுமும்போது அது காதில் விழுவதே இல்லை. இப்போது அந்தச் சுத்தியல்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கலிரோய் முற்றத்துக்கு வந்தாள். கேடயம் அடிப்பவர்களில் மூத்தவள் அவள். உலைப் புகை கடல் காற்றில் அவர்கள் ஜன்னலுக்குத்தான் போகும்.

"உங்களை யாரு கூப்பிட்டது? உள்ள போங்க" என்றார் முதலாளி.

கலிரோய் அவரைத் தாண்டி நடந்து டெம்போவின் அருகே வந்தாள். ஒரு கையை வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

"பகோனா, இதுதானா?"

பகோனா அந்த நகங்களைப் பார்த்தாள். "இதுதான்" என்றாள்.

கலிரோய் கையிலிருந்த சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, பின்னால் தயங்கி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து வரச் சொல்லிக் கையசைத்தாள். டெம்போவின் விளிம்பைப் பிடித்தாள்.

"அப்போ கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.