கதவில் ஒட்டிய சிவப்புப் புள்ளிகள்

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனை இல்லை. சீனாவின் லான்ஜோ நகரில், நான் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் கதவில் ஒட்டியிருந்த தாளிலிருந்து எடுத்தது. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'கண்ணாடி என்பது உறைந்துபோன...' அடித்துவிட்டேன். தாளை ஒட்டிய ஆய்வு மாணவி ரோங் யீநிங் இந்தத் தேய்ந்த உவமையைப் படித்தால் சிரிப்பாள்.

2
படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்கும். வரிசை பிசகிய இடத்தில்தான், அழுத்தினால் நெகிழும். கண்ணாடியில் வரிசையே கிடையாது; பிசகை எங்கே தேடுவது? யீநிங் அணுக்களின் அதிர்வைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் அசைகிறது என்று அம்பு போட்டாள். அம்புகள் சுழித்த இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி. அம்புகள் இரு பக்கம் உள்ளே வந்து இரு பக்கம் வெளியே போன இடங்களுக்கு நீலம். ஒழுங்கில்லாத பொருளுக்குள் இப்படி ஓர் ஒழுங்கைப் பார்க்கிற கண்ணை நான் வியக்காமல் என்ன செய்வது?

(எங்கள் வழக்கம்: கணினிக்குள் கணக்காக உருவாக்கிய கண்ணாடியை அழுத்தும் முன்பே, எங்கே நெகிழும் என்று குறித்து, கையெழுத்திட்டு, கதவில் ஒட்டிவிட வேண்டும்.)

யீநிங் சிவப்பைக் குறித்தாள். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அது.

3
கண்ணாடி நீலப் புள்ளிகளின் அருகே நெகிழ்ந்தது.

அவளுக்கு ஒரு வருடம் இளையவனான டுவான் பெங், நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்து தாளைப் பார்த்தான்.

"அக்கா, புள்ளிய இடமா சுத்தறதுக்குப் பதிலா வலமா சுத்திட்டேன்னு சொல்லிடுங்க. செவப்பு நீலமாயிடும். யாரு கேக்கப் போறா?"

(புள்ளியைச் சுற்றி வந்துதான் நிறத்தைக் கணக்கிடுவோம். திசை மாறினால் நிறம் மாறும். எங்களில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்த தவறு.)

"நான் சரியாத்தான் சுத்தினேன். நெனச்சதுதான் தப்பு."

"சுத்தினது தப்புன்னா மன்னிப்பாங்க. நெனச்சது தப்புன்னா?"

"நீ சாப்பிடு. நூடுல்ஸ் ஊறிப்போகுது."

4
இந்தக் கதைக்கு முதல் முடிவு: பெங் சொன்னபடி செய்து ஜூனில் பட்டம் வாங்குகிறாள். எழுதிப் பார்த்தேன், கை கூசியது. இரண்டாவது: 'பேராசிரியர் கண்கலங்கி எழுந்து...' வேண்டாம். அவளுடைய வழிகாட்டியான அந்த மனிதர் அன்று ஊரிலேயே இல்லை.

நடந்தது இதுதான். பழைய தாளை அவள் கிழிக்கவில்லை. குறுக்கே 'தவறு' என்று எழுதினாள். பக்கத்தில், இன்னும் அழுத்தாத வேறொரு கண்ணாடியின் தாளை ஒட்டினாள். இம்முறை நீலம். இதுவும் பொய்த்தால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

"நீங்க சாட்சிக் கையெழுத்து போடுங்க" என்று பேனாவை நீட்டினாள். போட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

5
புதிய கண்ணாடியை அழுத்தும் கணினிக் கணக்கு வியாழக்கிழமை முடியும். அதுவரை பொறுத்திருந்தால் இந்தக் கதைக்கு நல்ல முடிவு கிடைத்திருக்கும். ஆனால் விடையைப் பார்த்துவிட்டு எழுதியது எங்கள் கூடத்தில் செல்லாது. அதனால் இதை இன்றே, செவ்வாய்க்கிழமையே, கதவில் ஒட்டுகிறேன்.

நீங்கள் எந்த நிறத்தின் பக்கம்? கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.