வால்வில் தொங்கிய பூட்டு

நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளாமல் இருந்த வாரம் அது. காரணம், சமையலறைச் சுவர். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதற்குச் சாம்பல் நிறம் பூசிவிட்டார். எங்கள் மின் நிலையத்து மெஷினுக்கு அடிக்கிற அதே சாம்பல். “அழுக்கு தெரியாதும்மா” என்று சமாதானம் வேறு. ஷிப்ட் முழுக்க அந்த நிறத்தையே பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதுதானா? வாயை மூடிக்கொண்டேன். அவரும் வீம்பு பிடித்தார்.

இருவருக்கும் ஒரே நீர்மின் நிலையத்தில் வேலை. அவர் வெல்டர், நான் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். எங்கள் தொழிலில் மாயமந்திரம் எதுவும் இல்லை. மேலே அணையில் நிற்கும் தண்ணீர் பெரிய குழாய் வழியாகத் தலைதெறிக்க இறங்கி வரும். கீழே வால்வைத் திறந்தால் டர்பைன் சக்கரத்தின் இறக்கைகளில் மோதி அதைச் சுற்றவைக்கும். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் தண்டின் மேல்பக்கம் ஜெனரேட்டருக்குள் காந்தங்கள் சுற்றும், அவற்றைச் சூழ்ந்த செம்புக் கம்பிகளில் மின்சாரம் பிறக்கும். வேலை முடிந்த தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோல ஆற்றில் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

வருடத்துக்கு ஒருமுறை வால்வை மூடி, டர்பைனில் தண்ணீரை வடித்து, அரித்துப்போன இறக்கைகளுக்கு வெல்டிங் வைப்பார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் வால்வின் கைப்பிடியில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு எடுத்துப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும். ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் வால்வைத் திறக்க முடியாது.

அன்று மதியம் வேலை முடிந்தது. எல்லாப் பூட்டும் போய்விட்டது, ஒன்றைத் தவிர. அது என் வீட்டுக்காரருடையது.

“அவரு போயிட்டாரும்மா,” என்றார் இன்ஜினியர். “பின்பக்க கேட்டு வழியா போனதை யாரோ பாத்தாங்களாம்.”

“யாரோன்னா யாரு சார்?”

வேறு நாளாக இருந்தால் என் வீட்டுக்காரர் கண்ட்ரோல் ரூம் கண்ணாடியைத் தட்டி, “வந்துட்டேன்” என்று சொல்லாமல் போகவே மாட்டார். போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்தோ விடாமல் போன், எப்போது மெஷினை ஓட்டுவீர்கள் என்று.

“டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன், உள்ள யாரும் இல்ல. பூட்டை அறுத்துடலாமா?” என்றார் இன்ஜினியர்.

“நான் பாக்கல சார்,” என்றேன். அதட்டலாகத்தான் வந்தது.

டர்பைனைச் சுற்றி நத்தை ஓடுபோல வளைந்து போகிறது அந்த இரும்புக் குழாய். அதற்குள் ஆள் நுழைகிற வாசலில் நின்று டார்ச் அடித்தால் வளைவுக்கு அப்பால் என்ன தெரியும்? கண்ட்ரோல் ரூமைச் சக ஊழியரிடம் ஒப்படைத்தேன். என் வீட்டுக்காரர் பூட்டுக்குப் பக்கத்தில் என் பூட்டைப் போட்டேன். இன்ஜினியரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தேன்.

“என்னங்க!”

அந்த வாரத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை. குழாய் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது, அவர் சொல்லவில்லை. மயங்கி விழுந்திருப்பாரோ? வீடு முழுக்கக் கரியைப் பூசட்டும், ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது. குழாய் குறுகும் கடைசிவரை தவழ்ந்து போனேன். யாரும் இல்லை.

அப்போது பின்னால் திபுதிபுவென்று சத்தம். “உள்ளயா இருக்க? ஏம்மா, உள்ளயா இருக்க?”

அவரேதான். கசங்கிய சட்டை, ஒரு காலில்தான் செருப்பு. தவழ்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வீட்டுல அசந்து தூங்கிட்டேன். புரண்டப்ப சட்டைப்பையில சாவி குத்துச்சு. கோவத்துல பூட்டை எடுக்காமலே வந்துட்டேன்னு ஓடி வந்தா, பக்கத்துல உன் பூட்டு தொங்குது. எனக்கு உயிரே போயிடுச்சு.”

எனக்கு மட்டும் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அழுகை முந்திக்கொண்டது. அந்த ஈரக் குழாய்க்குள் அவர் தோளில் சாய்ந்து குழந்தைபோல அழுதேன்.

வெளியே வந்து தன் பூட்டை எடுத்தார். என்னால் முடியவில்லை. அழுத கண்ணுக்குச் சாவித் துவாரமே தெரியவில்லை. மேலே போன் மறுபடி அலறியது.

“நீங்களாவது எடுத்து விடுங்களேன்,” என்றார் இன்ஜினியர் அவரிடம்.

“அது அவ பூட்டு சார். அவதான் எடுக்கணும்.”

டார்ச்சை வாங்கிப் பூட்டின்மேல் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நீ மெதுவாத் தொற,” என்றார். “ஊரு கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.”