ஐம்பத்து மூன்றாவது உறை

என் மனைவி அசம்ப்டா என்னைச் சந்தேகப் பிராணி என்பாள். கல்யாணத்தன்று பாதிரியார் ஆசீர்வதித்துக் கொடுத்த மோதிரத்தை நான் பல்லால் கடித்துப் பார்த்தேன் என்று எங்கள் ஊர் டிரம்கீலனில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். கடையில் வாங்கும்போதே கடித்துப் பார்த்துவிட்டேன்.

நான் கறிக்கடைக்காரன். சந்தேகப்படாத கறிக்கடைக்காரன் கெட்டுப்போன ஆட்டைத்தான் விற்பான். ஆகவே ஜோக்கர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு வராததுதான் அதிசயம்.

கால்பந்துச் சங்கத்துக்கு உடை மாற்றும் அறைகள் கட்ட வேண்டும் என்று அந்த ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். நடத்தியது அசம்ப்டாவின் தம்பி ஃபிண்டன். ஊரிலுள்ள ஒரே பப் அவனுடையது. ஒரு சீட்டுக்கட்டின் ஐம்பத்திரண்டு சீட்டும் ஒரு ஜோக்கரும் தனித்தனி உறைகளில் ஒட்டப்பட்டு, எண் போட்டு, பப்பின் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. டிக்கெட் இரண்டு யூரோ. அதில் பெயரையும் பிடித்த உறையின் எண்ணையும் எழுதி டிரம்மில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரம்மைச் சுழற்றி ஒரு டிக்கெட்டை எடுத்து, அதில் எழுதிய உறையைப் பிரிப்பார்கள். ஜோக்கர் வந்தால் அதுவரை சேர்ந்த பணத்தில் பாதி அந்த ஆளுக்கு, பாதி சங்கத்துக்கு. வேறு சீட்டு வந்தால் நூறு யூரோவும் கைதட்டலும். சேர்ந்த பணம் அப்படியே அடுத்த வாரத்துக்குப் போகும்.

போய்க்கொண்டே இருந்தது. குளிர்காலம் போய், ஆட்டுக்குட்டிகள் பிறந்து, புல் அறுத்து, மறுபடி இலை கொட்டியது. ராஜாக்கள், ராணிகள் எல்லாரும் வந்து போனார்கள். ஜோக்கர் மட்டும் வரவில்லை. பரிசுப் பணம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்து டிக்கெட் வாங்கினார்கள். இதற்கு நடுவில் ஃபிண்டன் புதுக் கார் வாங்கினான். இரண்டு வாரம் போர்ச்சுகல் போய் முதுகு சிவக்க வெயில் காய்ந்துவிட்டு வந்தான். உறைகளில் சீட்டைப் போட்டு ஒட்டியதும் அவன்தான், பப்பின் பின்னறையில், தனியாக. இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நாலு வரும் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஒருநாள் காலை பிரைடி அக்கா சாசேஜ் வாங்க வந்தாள். ஓய்வூதியம் வாங்கிய கையோடு பத்து டிக்கெட் வாங்கியிருந்தாள்.

"அந்தக் காச அடுப்புல போட்டிருந்தா குளிராவது காஞ்சிருக்கலாம் அக்கா," என்றேன்.

"ஏம்ப்பா, எனக்கெல்லாம் விழாதா?"

"விழறதுக்கு ஜோக்கர் உள்ள இருக்கணும்ல."

அவள் சாசேஜ் பொட்டலத்தை மெதுவாகப் பையில் வைத்தாள். "நீ என்ன சொல்ல வர்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. இத்தன மாசமா வராத ஜோக்கர் எங்க போச்சுன்னு கேக்கறேன், அவ்வளவுதான்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதற்குள் பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அசம்ப்டா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"என் தம்பி திருடனாய்யா?"

"திருடன்னு நான் சொல்லவே இல்ல. ஜோக்கர் இல்லன்னுதான் சொன்னேன்."

"உறையில போட்டது யாரு, போப்பாண்டவரா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அது நல்லதற்கில்லை.

"ஒண்ணு, அவன் திருடன்னு நிரூபி. இல்ல, ஊரு முன்னாடி அவன்கிட்ட மன்னிப்புக் கேளு. ரெண்டுல ஒண்ணு நடக்கற வரைக்கும் எனக்கும் உனக்கும் பேச்சு கிடையாது."

சொன்னபடியே செய்தாள். மாடியில் சின்ன அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். சாப்பாடு மேஜைக்கு வரும், அவள் வரமாட்டாள். காலையில் வானொலியோடு சண்டை போடுகிறவள், குதிரைப் பந்தய முடிவுகளைத் திட்டிக்கொண்டே தேநீர் ஊற்றுகிறவள், வாயே திறக்கவில்லை. இவ்வளவு வருஷமும் அவள் பேச்சு ஓயாதா என்று இருந்தவன் நான். ஓய்ந்த வீட்டில் கடிகாரம் மட்டும் கேட்டபோது அழுகையே வந்தது.

நான் சொன்னதால் டிக்கெட் விற்பனை படுத்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரிசை தேவாலய வாசல்வரை நின்றது. மழையில் நனைந்துகொண்டு பிரைடி அக்காவும் நின்றாள்.

"அக்கா, அதுல ஜோக்கர் இல்லன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. ஊர்ல பாதிப் பேரு அத நம்பி வாங்காம இருந்துருவான். கூட்டம் குறைஞ்சா எனக்கு நல்லதுதானேப்பா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் இதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

"இல்லாத ஜோக்கருக்குக் கூட்டம் குறைஞ்சா என்ன, கூடினா என்ன?"

"இருந்துட்டா?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற தபால்காரன் டெக்லன் தொப்பியிலிருந்த தண்ணீரை உதறினான். "ஏன் கிளப்பி விடறான்னு எங்களுக்குத் தெரியாதா? கூட்டத்தக் கலைச்சுட்டு இவன் வாங்கப் பாக்கறான்."

சிரித்தார்கள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. உண்மையைச் சொன்னவனைப் பார்த்து இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வராது? போதாக்குறைக்கு என் கோட்டுப் பையில் ஐந்து டிக்கெட்டுகளின் அடிக்கட்டைகள் இருந்தன. அடுத்த ஊர் பெட்ரோல் பங்கில், யாருக்கும் தெரியாமல், வாரா வாரம் வாங்கிக்கொண்டிருந்தேன். ஜோக்கர் இல்லை என்று பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்வேன். ஆனால் ஒருவேளை இருந்து, அது டெக்லனுக்கு விழுந்து, அவன் என் கடைக்கு வந்து நின்று, 'இருக்கறதுலயே நல்ல கறியாக் குடு' என்று கேட்டால்? அந்த மூஞ்சிக்குக் கறி வெட்டிக் கொடுக்க என்னால் முடியாது. எனக்குப் பணம் வேண்டும் என்பதுகூட அப்புறம்தான். அவனுக்கு விழும்போது நான் டிக்கெட் வாங்காதவனாக நிற்கக் கூடாது.

நவம்பரில் இரண்டே உறைகள் மிஞ்சின. அந்த வெள்ளிக்கிழமை ஒரு லாரி ஓட்டுநரின் டிக்கெட் வந்தது. அவர் கேட்ட உறையைப் பிரித்தார்கள். கிளாவர் நாலு. பப் முழுக்கப் பெருமூச்சு விட்டது. இனி ஒரே உறை. யார் பெயர் வந்தாலும் அது அவருக்குத்தான்.

"இப்பவே பிரிச்சுப் பாத்துருவோம்," என்றேன். "இருந்தா இருக்கட்டும். இல்லன்னா ஏன் இன்னொரு வாரம் ஊரை ஏமாத்தணும்?"

ஃபிண்டனைப் பிடித்து உலுக்குவார்கள் என்று பார்த்தால் என்னைப் பிடித்துக் கத்தினார்கள். "பிரிச்சுட்டா ஒரு வாரம் நாங்க என்னய்யா பண்றது?" என்றான் டெக்லன். உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்று அங்கே ஓர் ஆளுக்கும் ஆசையில்லை.

ஃபிண்டன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கடைசி உறையை எடுத்தான். ஒரு தகரப் பெட்டியில் வைத்து நேராக என்னிடம் கொண்டுவந்தான்.

"அத்தான், வர்ற வெள்ளிக்கிழம வரைக்கும் இது உங்க கடைக் குளிர் அறையில இருக்கட்டும். சாவியும் நீங்களே வெச்சுக்கங்க. அப்புறம் யாரும் என்மேல பழி சொல்ல முடியாதுல்ல."

"ஆடு கசாப்புக்காரனத்தான் நம்புமாம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடி சிரிப்பு. சங்கத் தலைவர் மட்டும் சிரிக்காமல், உறை பிரிந்திருந்தால் ஆட்டம் செல்லாது என்றார்.

அந்த வாரம் முழுக்கக் குளிர் அறைக்குள் எனக்கு ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. தொங்கும் ஆட்டுக்கறிக்கு நடுவில், மேல் தட்டில் அந்தப் பெட்டி. உறையின் உள்பக்கம் கறுப்புத்தாள் என்பதால் வெளிச்சத்தில் பிடித்தும் பயனில்லை. ஆனால் எலும்பு பிரிக்கிற கத்தி என்னிடம் இருக்கிறது. ஆட்டுத் தோலைக் கீறல் விழாமல் உரிக்கிறவனுக்கு உறையின் ஒட்டு எம்மாத்திரம்? பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டினால் பாதிரியாரே கண்டுபிடிக்க மாட்டார். ஒருமுறை கத்தியின் முனையை மடிப்புக்குள் நுழைத்தும் விட்டேன்.

அப்புறம் எடுத்துவிட்டேன். நல்லவனாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளே ஜோக்கர் இல்லை என்று தெரிந்தால் என் ஐந்து டிக்கெட்டும் அந்த நொடியே வெறும் காகிதம். அதைத் தாங்கிக்கொண்டாலும், 'நான் சொன்னது சரி, உன் தம்பி திருடன்' என்று அசம்ப்டாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக நான் ஆசைப்பட்ட வாக்கியம் அது. குளிர் அறைக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே இல்லை.

வெள்ளிக்கிழமை பப்பைச் சுற்றி நிற்க இடமில்லை. போலீஸ்காரர் வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நுழைந்தபோது வாசலில் அசம்ப்டா நின்றாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் நில்லு, மலாக்கி."

அத்தனை வாரத்துக்குப் பிறகு அவள் வாயால் என் பெயரைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"பிரிக்கறதுக்கு முன்னாடி அவன்கிட்ட மன்னிப்புக் கேளு."

"பிரிச்சதும் கேக்கறேன். இன்னும் பத்து நிமிஷம்தானே?"

"பிரிச்சதுக்கப்புறம் நாய் கூடக் கேக்கும்," என்றாள்.

உள்ளே ஜோக்கர் இல்லாவிட்டால், திருடனிடம் மைக் பிடித்து மன்னிப்புக் கேட்ட மடையன் என்று என் கல்லறையில் எழுதுவார்கள். இருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அவள் என்னோடு பேசிவிட்டாள். இனி ஒரு நாள்கூட அந்த மௌனத்துக்குள் திரும்பிப் போக எனக்குத் தெம்பு இல்லை. மைக்கை வாங்கினேன்.

"ஃபிண்டன், உன்னப் பத்தி நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கை தட்டினார்கள். ஃபிண்டனின் முகம் மலர்ந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பீர்ப் பீப்பாய்களின் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"அப்பாடா. அப்ப உள்ள இருக்கு, இல்ல அத்தான்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதான் பாத்திருப்பீங்களே?"

"பாக்கலடா."

"பாக்கலியா?" அவன் கை என் தோளிலிருந்து நழுவியது. "நீங்களா பாக்கல? நீங்க பாக்காம இருக்க மாட்டீங்கன்னு நம்பித்தானே உங்ககிட்டக் குடுத்தேன். உள்ள ஜோக்கர் இல்லன்னா வந்து சண்ட போடுவீங்க, அப்பவாவது தெரிஞ்சுரும்னு இருந்தேன்."

"போட்டு ஒட்டினவன் நீதானேடா. உனக்குத் தெரியாதா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "புதுக் கட்டுல ரெண்டு ஜோக்கரும் ஒரு விளம்பரச் சீட்டும் இருந்துச்சு. மூணுல ரெண்டத் தூக்கிக் குப்பையில எறிஞ்சுட்டு, மிச்சத்தக் கவுத்து வெச்சு உறையில ஒட்டினேன். அன்னிக்கு ரெண்டு மூணு கிளாஸ் உள்ள போயிருந்துச்சு அத்தான். எந்த ரெண்ட எறிஞ்சேன்னு ஞாபகமே இல்ல. போர்ச்சுகல்ல கூட எனக்குத் தூக்கம் வரல."

டிரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. அவனைத் திருடன் என்று நினைத்த நாட்களில் நான் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

டிக்கெட் ஸ்லைகோ நகரத்திலிருக்கும் ஒரு பள்ளி ஆசிரியையின் பெயரில் வந்தது. பப்பில் எல்லாருடைய முகமும் ஒன்றுபோல் தொங்கியது. ஃபிண்டனுக்கு உறையைப் பிரிக்கத் துணிவு வரவில்லை. என்னிடம் கொடுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிழித்து, வெளியே இழுத்து, கண்ணைத் திறந்தேன். மணி வைத்த தொப்பியோடு அந்தக் கோமாளி என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான்.

கூரை பறக்கிற அளவுக்குக் கத்தினார்கள். ஃபிண்டன் பீப்பாய்மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மானஸ்தன், பொய்ப்பழி தாங்காமல் அழுகிறான் என்று பிரைடி அக்காவும் சேர்ந்து அழுதாள். சங்கத் தலைவர் ஸ்லைகோவுக்குப் போன் போட்டார். "உங்கள மாதிரி ஏமாத்துக்காரங்க எத்தன பேரப் பாத்திருக்கேன்" என்று அந்த அம்மா வைத்துவிட்டாள். மூன்றாவது தடவைதான் நம்பினாள்.

நானும் அசம்ப்டாவும் மழைத் தூறலில் நடந்து வீட்டுக்குத் திரும்பினோம். பாலத்துக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"உள்ள பாத்துட்டுத்தானே மன்னிப்புக் கேட்ட?"

"இல்ல."

"ஒரு வாரம் உன் கையில இருந்துச்சு. கத்தியும் இருந்துச்சு."

"பாக்கல, அசம்ப்டா."

"நீயா?"

பையிலிருந்த அடிக்கட்டைகளை எடுத்துக் காட்டியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் அவள் தம்பியைத் திருடன் என்று சொல்லிக்கொண்டே அவனிடம் டிக்கெட் வாங்கியவன் என்பதையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கும். கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைப் பார்க்காமல் நம்பி வைத்தேன். அதைச் சொன்னால் நம்ப ஊரில் ஆள் இல்லை, வீட்டிலும் இல்லை.

"சத்தியமா பாக்கல," என்றேன்.

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். தெரிந்துகொள்ள அவளுக்கு வழி ஒன்றும் இல்லை. நிரூபிக்க எனக்கும் இல்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள்.

"சரி, நம்பித் தொலைக்கறேன்," என்றாள்.