கூடியதா, குறைந்ததா

ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டு அக்கா தன்னை "மேடம்" என்று அழைத்தபோதுதான் விஷயம் கைமீறிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. குட்டி, கழுதை, சோம்பேறி என்று அக்கா எப்படியெல்லாமோ கூப்பிட்டிருக்கிறாள். மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

நகராட்சி அரங்கில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அவள் வேலை பார்க்கும் கணினி நிறுவனம் தன்னுடைய டேட்டா சென்டருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று கட்ட அனுமதி கேட்டிருந்தது. அதன் சார்பில் மேடையில் பேச வந்தவள் அவள்தான். நிறுவனம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, அதனால் எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது என்று கணக்கெடுத்து ஆண்டறிக்கை எழுதுவது அவள் வேலை. குறிப்பிட்ட ஆண்டுக்குள் அதைப் பூஜ்யமாக்கிக் காட்டுவோம் என்று நிறுவனம் ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கைக் கேட்டு மனம் பொங்கித்தான் அவளும் இந்த வேலையில் சேர்ந்தாள்.

முதல் கட்டடம் வந்தபோது அதன் மதிலை ஒட்டிய தெருவில் எதிர்ப்புக் கிளம்பியது. அக்கா வீடு அந்தத் தெருவில்தான். மனுவில் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களை உட்கார வைத்து, "என் தங்கச்சி அங்கதாங்க இருக்கா. பூமிக்குக் கெடுதல் வராம பாத்துக்கறதுதான் அவளுக்குச் சம்பளமே. அவ இருக்கற இடத்துல தப்பு நடக்குமா?" என்று அக்கா கேட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள், தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய் நிற்பவள். அவள் பேச்சுக்கு மதிப்பிருந்தது. மனு அப்படியே அமுங்கிப் போனது.

அதன் பிறகு வார நாட்களில் காலையில் டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இரவுப் பணி முடித்து வந்து அக்கா கண்ணயரும் நேரம் அது. "உங்க ஆளுங்க எனக்குத் தாலாட்டுப் பாடறாங்கடி" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். தங்கை அங்கே போவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். அதனால் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. நாலு தட்டுப் போட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அலுவலகத்துக் கணக்கைப் பற்றி அங்கே அவள் வாய் திறந்ததில்லை.

கணக்கு மோசமாகத்தான் இருந்தது. ஒருவர் இணையத்தில் எதையாவது ஒருமுறை தேடினால் ஆகும் கார்பன் பாதியாகக் குறைந்திருந்தது உண்மை. ஆனால் தேடுவது பல மடங்கு பெருகி, அதற்கென்று புதிய இயந்திரங்கள் வந்து குவிந்ததில், மொத்தக் கார்பன் வாக்குக் கொடுத்த நாளில் இருந்ததைவிட ஏறிப்போயிருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் மேலாளர் அவள் மேசையருகே வந்து நின்றார். நல்ல மனிதர், அவள் அப்பா படுக்கையில் கிடந்தபோது லீவு கேட்கும் முன்பே கொடுத்தவர்.

"பொய் சொல்லச் சொல்லலம்மா. எதை முதல்ல சொல்றோம், எதைக் கேட்டா மட்டும் சொல்றோம்கிறதுதான்."

"யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்று அவள் சொன்னாள். சொல்லும்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது அக்கா கேட்டாள்.

"மேடம், பாதியா குறைஞ்சிருக்குன்னு படம் போட்டுக் காமிச்சீங்க. ஒரு மாத்திரையோட அளவைப் பாதியாக்கிட்டு, நாலு மாத்திரை குடுத்தா உடம்புக்குள்ள போறது கூடத்தானே செய்யும்? எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மொத்தமா கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

முன்வரிசையில் மேலாளர் நிமிர்ந்து பார்க்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நழுவுவதற்கு அவளிடம் வாக்கியங்கள் இருந்தன. அவற்றை எழுதியதே அவள்தான். ஆனால் அக்காவின் முகத்தில் கோபம் இல்லை. கூடியிருக்கக் கூடாதே என்ற தவிப்புத்தான் இருந்தது.

"கூடியிருக்கு" என்றாள்.

"சொன்ன வருஷத்துக்குள்ள பூஜ்யத்துக்கு வந்துடுமா?"

"இப்ப போற போக்குல வராதுங்க."

அரங்கம் இரண்டுபடவில்லை. பின்னாலிருந்து ஒருவர், புதுக் கட்டடத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. அக்கா ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

திரும்பும்போது காரில் மேலாளர், "நீ சொன்னது நம்ம ரிப்போர்ட்லயே இருக்கு. உன்னை யாரும் எதுவும் சொல்ல முடியாது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா இனிமே உன்னை மேடை ஏத்த மாட்டாங்க" என்றார். அப்படியே நடந்தது. அனுமதியும் கிடைத்தது. பேருக்குச் சில நிபந்தனைகள். மதிலோரம் மரம் நட வேண்டும் என்பது அதில் ஒன்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஒரு வார நாளில் லீவு போட்டுவிட்டு அவளே போய்க் கதவைத் தட்டினாள். ட்யூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்த அக்கா, சீருடையைக்கூட மாற்றாமல் நின்றாள்.

"கோவமாக்கா?"

"தெருவுல எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. பதில் சொல்லிட்டுத்தான் இருக்கேன். அது பரவால்ல." அக்கா செருப்பை ஓரமாகத் தள்ளினாள். "என் கையால போட்டதைச் சாப்பிட்டுட்டு எத்தனை வாரம் எதிர்லயே உக்காந்திருந்த? நாலு பேருக்கு முன்னாடி கேட்டாத்தான் எனக்குப் பதில் கிடைக்குமா?"

"நீ கேக்கலையேக்கா" என்று சொல்ல வந்து அவள் விழுங்கிக்கொண்டாள்.

"போகாத. இரு. தூங்கி எழுந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா கட்டிலில் சாய்ந்தாள். சாய்ந்ததுமே உறங்கிப்போனாள். அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர்களின் தாலாட்டு ஆரம்பித்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. முதலில் தரை வழியாகத்தான் வந்தது. பிறகு கதவு, பிறகு அலமாரி. அக்கா கண்ணைத் திறக்காமலே தலையணையை எடுத்துக் காதின்மேல் போட்டுக்கொண்டாள். ஜன்னலின் ஒரு கண்ணாடி மட்டும் சட்டத்துக்குள் தளர்ந்து கடகடவென்று ஆடியது. அவள் எழுந்துபோய் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கடகடப்பு நின்றது. அதிர்வு மட்டும் மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஏறியது. கையை எடுத்தால் மறுபடியும் ஆடும். மதிலுக்கு அப்பால் புதுக் கட்டடத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடி, கையை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.