லெலாய் ஆற்றுப் பாலத்தின் துளிர்

லெலாய் ஆற்றின் மேல் புதிதாகக் கட்டிய மரப்பாலம், அரசு அதிகாரி வந்து திறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவதற்கு ஒன்பது நாள் முன்னால் துளிர்த்தது. ஊர்த்தலைவி சுல்மீரா வெற்றிலையை மென்றபடி போய்ப் பார்த்தாள், இலைகளை எண்ணினாள், சோளக்கஞ்சி அடிபிடிக்கும் என்று வீட்டுக்குத் திரும்பினாள்.

தப்பு யாருடையது என்பதில் ஊரில் சந்தேகமே இல்லை. கிழக்குத் திமோரை இருபத்து நான்கு ஆண்டு பிடித்து வைத்திருந்த படை, போகிற போக்கில் பழைய பாலத்தைத் தகர்த்துவிட்டு, வெட்டிய மரங்களை ஏற்ற நேரமில்லாமல் கரையிலேயே விட்டுப் போயிருந்தது. பிறகு ஊர் கூடி, தாரா பண்டு என்ற காப்புச் சட்டம் போட்டது. காக்க வேண்டியவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளத்தைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள்: சந்தன இலை, தேக்கங்கிளை, நண்டின் கொடுக்கு. ஒடித்தால் ஓர் எருமை தண்டம் என்பதை, வழக்கப்படி, மனிதர்களோடு மரத்துக்கும் கல்லுக்கும் தண்ணீருக்கும் உரக்கச் சொன்னார் சொல்காப்பாளர் கயெட்டானு. கரையில் கிடந்த கட்டைகளிடம் மட்டும், நீங்கள் செத்தாயிற்று, இது உங்களுக்கில்லை என்று சொல்ல மறந்துவிட்டார். அவருக்குப் பசி வேளை. கட்டைகள் சட்டத்தைத் தங்களுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டன. அவற்றை வைத்துத்தான் பாலம் கட்டினார்கள்.

சுல்மீராவுக்குக் கவலை வேறு. மகள் ஒடெட் அக்கரையில் நிறைமாதம், ஆஸ்பத்திரி இக்கரையில். போன மழைக்காலத்தில் வலியோடு ஆற்றில் இறங்கிய ஒருத்தி கரையேறவே இல்லை.

தலைநகர் டிலியிலிருந்து அதிகாரி அபீலியு தொப்பியும் அளவுநாடாவுமாக வந்தார். யாரும் நடக்கக்கூடாதென்று பாலத்துக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டினார்.

"கைப்பிடியே இல்ல, இதுல இலை வேற. துளிரெல்லாம் வெட்டுங்கம்மா, கைப்பிடி மாட்டுங்க. அப்புறம் கையெழுத்து."

"வெட்டினா எருமை தரணும் சார். உங்க ஆபீஸ்தான் சட்டத்துக்கு முத்திரை போட்டுச்சு."

"கட்டைக்கு ஏதும்மா சட்டம்?" என்று பாலத்தின் நடுவில் ஒரு துளிரைப் பட்டென்று ஒடித்தார்.

ஊரே கைதட்டியது. மறுநாள் அபீலியு தண்டமாக வாங்கித் தந்த எருமையை ஊர் மூன்று வேளை தின்றது; அவரும் தின்றார், குழம்பு இரண்டு முறை கேட்டு வாங்கினார். மூன்றாம் வேளையில் மழை பிடித்தது. ஆறு பொங்கியது. அக்கரையில் ஒடெட் வயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

சுல்மீரா கயிற்றை அறுத்தெறிந்தாள். "வாடி, பாத்து வா!" என்று கத்தினாள்.

ஒடெட் கால் வைத்ததும் இரு பக்கத் துளிர்களும் இடுப்பளவு வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கைப்பிடியாயின. அவள் பிடித்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரே ஓர் இடம் காலி. அபீலியு ஒடித்த இடம். அவருக்கு அது யாரும் சொல்லாமலே புரிந்தது. ஓடிப்போய் அந்த இடைவெளியில் நின்று கையை நீட்டினார்.

"என்னைப் பிடிச்சுக்கம்மா. இந்த இடத்துக்கு நான்தான் கைப்பிடி."

அன்று மாலை பேத்தி பிறந்தாள். பாலத்தின் படிவத்தில் கைப்பிடி வகை என்ற கட்டத்தில் 'வளர்வது' என்று எழுதி அபீலியு கையெழுத்திட்டார். அந்த ஓரிடத்தில் மட்டும் பிறகு துளிர் வரவில்லை. அதனால் மழைக்காலம் தொடங்கினால் அவர் டிலியிலிருந்து பஸ்ஸில் வந்து அங்கே நிற்கிறார். வருகிறவர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த முறை சட்டம் புதுப்பித்தபோது சந்தன இலை, தேக்கங்கிளை, நண்டுக் கொடுக்கு இவற்றோடு அவர் தொப்பியையும் சுல்மீரா கம்பத்தில் தொங்கவிட்டாள்.