எட்டுப் பாய் அறை

…நான்கு மூலையும் ஒரே புள்ளியில் வந்து முட்டுகின்றன, ஓரிடத்தில் இல்லை, மூன்று இடத்தில், மேஜைக்கு அடியில் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, எப்படி இது என் கண்ணில் படாமல் போனது? ஒரு வாரமாகப் பாய்களைக் காகிதம் போட்டு மூடியிருந்தார்கள், இன்று காலைதான் எடுத்தார்கள், சரி, ஆனால் இந்த அறையைப் படமாக வரைந்தது நான்தானே? எட்டுத் தத்தாமி பாய்களும் ஒரே திசையில், வரிசையாக, சாவு வீட்டில் போடுகிற மாதிரி. நல்ல காரியம் நடக்கிற அறையில் மூலைகள் முட்டக்கூடாது என்பது நாகசாகியில் யாருக்குத்தான் தெரியாது? ஒன்பது வயதில் அப்பாவைக் கிடத்தியிருந்த அறையில் அப்படி மூலைகள் முட்டுகிற இடத்தை மிதிக்கப்போன என்னை அத்தை தோளைப் பிடித்து இழுத்தாள், அந்த வலிகூட ஞாபகம் இருக்கிறது… இன்னும் அரை மணியில் பெண் வீட்டார் வந்துவிடுவார்கள். ஹோட்டல் திறந்து முதல் விருந்து, அதுவும் முதலாளி தெய் சான் தன் ஒரே மகனுக்குச் செய்கிற நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா சுமியோஷி, சீன வம்சத்துக் குடும்பத்தில் பெண் கொடுக்க ஒரு வருஷம் இழுத்தடித்த மனிதர், போயும் போயும் அவரையா இந்தப் பாயில் உட்காரவைக்கப்போகிறேன்?

பாய் போட்ட குஸுமோட்டோவுக்குப் போன் செய்தேன். "நான் ரெண்டு தடவ கேட்டேன் சென்செய், இப்படியேவான்னு. படத்துல இருக்கிறபடி போடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார். மாற்றிப் போட முடியாதாம், ஒவ்வொரு பாயும் அதனதன் இடத்துக்கு அளந்து வெட்டியது, நகர்த்தினால் விரல் நுழைகிற சந்து விழுமாம். கேட்டாரா? கேட்டிருப்பார். என் தலைக்குள் அப்போது இந்த அறைக்கு வைத்த சீன வட்ட வாசல்தான்… சீனக் கட்டடத்துக்கு இடமும் வலமும் சமமாக வரவேண்டும், எங்கள் அறையிலோ பூ வைக்கிற மாடம்கூட ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும், இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வாசலின் நடு, சிவப்பு வட்ட மேஜையின் நடு, மேலே விளக்கு, கீழே பாய்கள் சேருகிற கோடு எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்தன. தெய் சானிடம் அந்தக் கோட்டை விரலால் இழுத்துக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவர் வெகுநேரம் படத்தையே பார்த்தார், அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மெத்தைகள்! மேஜைக்கு வெளியே தெரிகிற இரண்டு புள்ளிகளும் சரியாக இரண்டு அப்பாக்கள் உட்காருகிற இடம். உட்காருகிற சிறு சதுர மெத்தைகளை இழுத்து அவற்றின் மேல் போட்டேன், தள்ளி நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, உயிர் வந்தது. அவர்களும் வந்தார்கள். நான் வட்ட வாசலுக்கு வெளியே நின்றேன். தெய் சானின் மனைவி, "சூப் எடுத்துக்குங்க" என்று சொன்ன பிறகுதான் வாய் திறப்பது எங்கள் ஊர் விருந்தின் முறை. சொன்னார். ஆளுக்கு இரண்டு வாய் குடித்தார்கள். சுமியோஷி கிண்ணத்தை வைத்தார், வைத்துவிட்டு… ஐயோ, இதை எப்படி மறந்தேன்? முறையாக வணங்குகிறவர் மெத்தையைவிட்டு இறங்கித்தானே வணங்குவார்! அவர் மெத்தையை ஓரமாகத் தள்ளினார், இரண்டு கையும் பாயில் ஊன்றினார், "எங்க பொண்ணை உங்க பொறுப்புல விடுறோம்" என்று குனிந்தார். அவர் நெற்றிக்கும் மூலைகள் முட்டுகிற அந்தப் புள்ளிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பதிலுக்கு தெய் சான் குனிந்தார், ஆனால் மெத்தையைவிட்டு இறங்கவில்லை. சம்பந்தியின் முதல் வணக்கத்துக்கு மெத்தையில் உட்கார்ந்தபடியே! பெண்ணின் அம்மா முகம் சுருங்கியது, மகன் காது சிவந்தான். மரியாதையில் தெய் சானை மிஞ்ச இந்தத் தெருவில் ஆள் கிடையாது, அவர் போய் இப்படி… சுமியோஷி நிமிர்ந்தார், தெய் சானின் மெத்தையைப் பார்த்தார், தன் கைக்குக் கீழே பார்த்தார். பிறகு தன் மெத்தையை இழுத்து, அதே இடத்தில் போட்டு, ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த தட்டு உள்ளே போனது. நான் அங்கேயே நின்றேன். பெண் வீட்டார் முன்னால் மரியாதை தெரியாதவர் என்று பேர் எடுத்தாலும் பரவாயில்லை என்று அந்த மனிதர் தன் பக்கத்துப் புள்ளியை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாரே… அப்படியானால் அவருக்கு எப்போதிலிருந்து தெரியும்? நான் விரலால் இழுத்துக் காட்டிய அன்றைக்கேவா?